முறையீடும் வேண்டுகோளும் விளம்பரமும்: நெல்லைச் சீமை கண்ட இரு வழக்குகள்

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, நெடுநாளாக என் உள்ளத்தை உறுத்தி வந்த ஒரு சொல்லே முதலில் நினைவிற்கு வந்தது. ஆங்கிலேயர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களுள் ‘அப்பீல்’ என்பது ஒன்று. கீழ்மன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்மன்றம் செல்வதும் அவர்களுக்கு அப்பீல். மேடையேறி மக்களை நோக்கி அழைப்பு விடுப்பதும் அப்பீல். கடைச்சரக்கு ஒன்று காண்போர் மனத்தைக் கவர்ந்து இழுப்பதும் அப்பீலே. ஒரே சொல்லுக்குள் வழக்கறிஞரும் பேச்சாளரும் வணிகரும் இடம் பிடித்துக் கொண்டனர்.

தமிழ் இம்மூன்றையும் தனித்தனியே வைத்துப் பார்த்தது. மன்றத்தின்முன் வைப்பது முறையீடு. ‘முறை’ என்பது நீதிக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களுள் ஒன்று. மக்கள்முன் வைப்பது வேண்டுகோள். சந்தையில் வைப்பது விளம்பரம். விளம்புதல் என்பதற்குச் சொல்லுதல் என்பதோடு, பந்தியில் பரிமாறுதல் என்னும் பொருளும் உண்டு. நம் தென்கோடியில் அவ்வழக்கு இன்றும் செவிக்கு எட்டக்கூடியதே. உண்பவர் கேளாமலே இலையில் வந்து விழுவது விளம்பரம் என்று கொண்டால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்பாகுபாடு வெறும் அகராதிச் செய்தியன்று. ஒருவன் எந்த வாயிலில் நின்று எதைக் கேட்கிறான் என்பதைப் பொறுத்தே அவனுக்குக் கிடைக்கும் விடையும் அமைகிறது. நெல்லைச் சீமையின் வரலாற்றில் நூறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு வழக்குகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஒன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் தொடங்கியது. மற்றொன்று நம் கூடங்குளத்தில் தொடங்கியது.

காப்பியம் காட்டும் வேறுபாடு

வழக்குகளுக்குள் புகுமுன் சிலப்பதிகாரத்தைச் சற்றே நினைத்துக் கொள்வோம். கணவன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகி இருவகையாகப் பேசுகிறாள். ஊர்சூழ்வரியில் அவள் மதுரைத் தெருக்களில் நின்று ஊராரை நோக்கி அரற்றுகிறாள். அங்கே கண்ணீரும் கேள்வியுமே மேலோங்கி நிற்கின்றன. வழக்குரை காதையில் அவளே பாண்டியன் அவைமுன் நிற்கிறாள். அங்கே அவள் கையில் ஒற்றைச் சிலம்பு இருக்கிறது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பு முத்துடையது. சிலம்பு உடைகிறது, உண்மை வெளிப்படுகிறது, அரசன் தன் பிழையை ஏற்று உயிர் துறக்கிறான். ஊரிடம் பேசிய பேச்சையே அவையிலும் பேசியிருந்தால் அவளுக்கு நீதி கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அதேபோல், மாணிக்கமா முத்தா என்ற வாதத்தை மட்டும் தெருவில் சொல்லியிருந்தால் ஊர் அழுதிருக்காது. இளங்கோவடிகள் வாயில்களின் வேறுபாட்டை அறிந்தவர்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் பேச்சுக்கலை பற்றிய தம் நூலில், கேட்போரை இணங்க வைக்கும் வழிகளை மூன்றாக வகுத்தார். சொல்பவன்மீது உள்ள நன்மதிப்பு ஒன்று; கேட்பவனிடம் எழும் உணர்ச்சி மற்றொன்று; சொல்லுக்குள் இருக்கும் தருக்கம் மூன்றாவது. இன்றைய விளம்பரக் கலையும் இம்மூன்றையே தன் முதலாகக் கொண்டு நடக்கிறது. இவற்றை மனத்திற் கொண்டு தூத்துக்குடிக்குச் செல்வோம்.

பங்குத்தாள் விடுத்த அழைப்பு

ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த வ. உ. சிதம்பரனார் தொழிலால் வழக்கறிஞர். 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் முயற்சியால் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பலோட்டி வந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் தனியுரிமையை உடைப்பதே அதன் நோக்கம். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார்.

சங்கத்தின் பங்குத்தாள் வணிக விளம்பரந்தான். எனினும் அதில் மூவகை அழைப்பும் கலந்திருந்தன. இலாபம் கிட்டும் என்பது தருக்கம். பாண்டித்துரைத் தேவரின் பெயர் நன்மதிப்பு. நம் கடலில் நம் கப்பல் என்பது உணர்ச்சி. பாரதியாரின் ‘இந்தியா’ இதழும் சங்கத்திற்கு ஆதரவு தேடி எழுதியது. பம்பாய்க்குப் புறப்பட்ட சிதம்பரனார், கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலில் வீழ்வேன் என்று சூளுரைத்ததாக வழிவழிச் செய்தி கூறுகிறது. 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

வெள்ளையர் கம்பெனி இதற்கு விளம்பரத்தாலேயே விடையளித்தது. கட்டணத்தை ஆள் ஒன்றுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிச் சங்கம் எட்டணாவாக இறக்கியது. பின்னர் அவர்கள் கட்டணமே வாங்காமல் ஏற்றிச் சென்று, பயணிக்குக் குடை ஒன்றும் இலவசமாகக் கொடுத்தார்கள் என்பர். இந்தக் குடையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது சுதேசியம் தவறென்று வாதாடவில்லை. சிதம்பரனாரைப் பழிக்கவும் இல்லை. வெயிலுக்கு நிழல் தருவேன் என்றது, அவ்வளவே. வாதத்திற்கு எதிர்வாதம் உண்டு. இலவசக் குடைக்கு எதிர்வாதம் எங்கே தேடுவது? நாட்டுப்பற்றைக் கேட்ட குரலுக்குச் சந்தை தந்த விடை அது.

மேடையிலிருந்து எழுந்த குரல்

1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் மேடைதோறும் பேசினர். ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர் பிப்ரவரி 27-ஆம் நாள் வேலை நிறுத்தம் தொடங்கினர். மார்ச் முதல் வாரத்தில் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் பெற்று ஆலைக்குத் திரும்பினர். ஆலைக்குள் நின்றவனுக்குத் தன் உழைப்பின் மதிப்பை எடுத்துச் சொன்ன வேண்டுகோள் அங்கே பலித்தது.

விபின் சந்திர பாலர் விடுதலையான மார்ச் 9-ஆம் நாளைக் கொண்டாடியதை ஒட்டி ஆட்சியர் விஞ்ச் நடவடிக்கையில் இறங்கினார். 12-ஆம் நாள் சிதம்பரனாரும் சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நெல்லை நகரம் பொங்கியது. நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. நகராட்சியின் எண்ணெய்க் கிடங்கு எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

மேடைப்பேச்சு கேட்பவனின் நெஞ்சில் தங்கியிருந்து, பேசியவன் சிறைக்குள் போன பிறகும் வேலை செய்யும் என்பதை ஆட்சியாளர் அன்று கண்டுகொண்டனர். பேச்சின் ஆற்றலும் அதன் இடரும் அதுவே. நால்வரின் மரணத்தை எண்ணாமல் அந்தப் பேச்சுகளின் பெருமையை மட்டும் பேசுவது வரலாறு ஆகாது.

மன்றத்தின் படிகள்

சிதம்பரனார்மீது சுமத்தப்பட்ட குற்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு, அதாவது இராஜத்துரோகம். 1870-இல் சேர்க்கப்பட்டு 1898-இல் திருத்தப்பட்ட அப்பிரிவின் இயல்பு கூர்ந்து நோக்கத்தக்கது. திருட்டில் பொருள் களவு போகிறது. கொலையில் உயிர் போகிறது. இப்பிரிவிலோ, அரசின்மீது வெறுப்பையோ அவமதிப்பையோ அன்பின்மையையோ தூண்டுவதும், தூண்ட முயல்வதும் குற்றம். அரிஸ்டாட்டில் கூறிய மூவழிகளுள் உணர்ச்சி வழியைச் சட்டம் தனியே பிரித்தெடுத்துக் கூண்டில் ஏற்றியது எனலாம்.

கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பளித்தார். இராஜத்துரோகத்திற்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை. சிவாவுக்குப் பத்தாண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்பட்டது. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதி மில்லர் ஆகியோர் 1908 நவம்பரில் இருவர் தண்டனையையும் ஆறாண்டாகக் குறைத்தனர்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மேல்முறையீட்டு மன்றத்தில் கப்பல் கட்டணம் பற்றிய கேள்வி எழவில்லை, எழவும் முடியாது. அந்நியர் ஆட்சி முறையா என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. கீழ்மன்றம் சட்டத்தைச் சரியாகக் கையாண்டதா, தண்டனை அளவோடு உள்ளதா என்பவையே அங்கு கேட்கத்தக்கவை. மேடையில் ஆயிரவர் நடுவே தமிழில் முழங்கிய பேச்சு, மன்றத்தை அடையும்போது காவலர் எழுதிய குறிப்பாகச் சுருங்கியிருந்தது. குரலின் ஏற்றஇறக்கமும் கேட்டவர் முகங்களும் அதில் இல்லை. மேல்மன்றத்தின் நடவடிக்கை ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. பேச்சு குரலால் வாழ்கிறது. மேல்முறையீடு தாளால் வாழ்கிறது. ஆயினும் அந்தத் தாள் ஒருவரின் வாழ்நாளில் பல ஆண்டுகளை மீட்டுத் தந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்து, பின் கண்ணனூர்ச் சிறையில் இருந்து, 1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். அதற்குள் கப்பற் சங்கம் 1911-இல் கலைக்கப்பட்டுவிட்டது. தண்டனை பெற்றதால் வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிருந்தது. பின்னாளில் அவ்வுரிமை மீளக் கிடைக்க உதவியவர் நீதிபதி வாலஸ் என்னும் ஆங்கிலேயர். அந்நன்றியைப் போற்றித் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். பகைவரின் மன்றத்திலும் தனிமனித நேர்மையைக் கண்டு வணங்கிய உள்ளம் அது.

நூறாண்டு கடந்து

இனி நம் ஊருக்கு வருவோம். 1988 நவம்பர் 20-ஆம் நாள் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கூடங்குளம் என்னும் பெயர் உலகறியப் பதிந்தது. 1,000 மெகாவாட் திறனுள்ள இரு அணு உலைகளின் கட்டுமானம் 2002-இல் தொடங்கிற்று. 2011 மார்ச் 11-ஆம் நாள் சப்பானில் புக்குசிமா பேரிடர் நிகழ்ந்தது. கடற்கோளின் நினைவு ஆறாத நம் கரையோர மக்களுக்கு அத்தொலைக்காட்சிக் காட்சிகள் அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

2011 செப்டம்பர் 11-ஆம் நாள் இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் 127 பேர் உண்ணாநோன்பு தொடங்கினர். உண்ணாநோன்பு மிகப் பழைய வேண்டுகோள் வடிவம். தன் உடலையே சொல்லாக்கி வைப்பது. செப்டம்பர் 22-ஆம் நாள், மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்துமாறு மைய அரசைக் கேட்டுத் தமிழக அமைச்சரவை தீர்மானம் இயற்றியது. நோன்பு முடிந்தது.

அதன்பின் மூன்று வாயில்களும் திறந்தன. அணுமின் கழகம் விளக்கக் கையேடுகளையும் விளம்பரங்களையும் வெளியிட்டது. வல்லுநர் குழுக்கள் ஆய்ந்து அறிக்கை தந்தன. நவம்பரில் நிலையத்தைப் பார்வையிட்ட முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அது பாதுகாப்பானது என்றார். வட்டாரத்திற்கு 200 கோடி ரூபாயில் பத்து அம்ச வளர்ச்சித் திட்டமும் வரைந்தார். அரிஸ்டாட்டில் சொன்ன நன்மதிப்பு வழி அதைவிட உயரமுடியாது. கடற்கரை ஊரில் பிறந்த அறிவியலாளர் அவர். 2012 மார்ச் 19-ஆம் நாள் மாநில அரசு உலையைத் தொடங்க இசைவளித்தது. 500 கோடி ரூபாய்க்கு வட்டார வளர்ச்சித் திட்டத்தையும் அறிவித்தது. செப்டம்பர் 10-ஆம் நாள் இடிந்தகரைக் கடற்கரையில் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. அன்று மணப்பாட்டில் மீனவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

மன்றத்தின் வாயிலையும் தட்டினர். சென்னை உயர்நீதிமன்றம் 2012 ஆகஸ்ட் 31-ஆம் நாள் மனுக்களைத் தள்ளியது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பைச் சேர்ந்த கோ. சுந்தர்ராஜன் உச்சநீதிமன்றத்தில் மேல்முறையிட்டார். 2013 மே 6-ஆம் நாள் நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணன், தீபக் மிஸ்ரா ஆகியோர் தீர்ப்பளித்தனர். அணுமின்சாரம் வேண்டுமா என்பது நாட்டின் கொள்கை முடிவு, அதில் நீதிமன்றம் தலையிடுவதற்கில்லை என்றனர். உலைக்குத் தடை விதிக்கவில்லை. அதே தீர்ப்பில் பாதுகாப்பு, கழிவு மேலாண்மை, பேரிடர் ஆயத்தம் முதலியன பற்றி 15 நெறிமுறைகளை விதித்தனர். போராடியோர் மீதுள்ள குற்றவழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. 2016-இல் இரண்டாவது உலையும் இயங்கிற்று. பின்னர் மேலும் நான்கு உலைகளுக்கான பணிகளும் தொடங்கின.

அந்தக் குற்றவழக்குகளில் ஆயிரக்கணக்கானோர்மீது பதிவானது எந்தப் பிரிவு? 124-ஏ. சிதம்பரனாரைச் செக்கில் பூட்டிய அதே பிரிவு, அதே நெல்லைச் சீமையில், விடுதலை பெற்ற நாட்டில், வலை பின்னும் கைகளுக்கும் பீடி சுற்றும் கைகளுக்கும் எதிராக எடுக்கப்பட்டது. வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கே அப்பிரிவு பொருந்தும் என்று 1962-இலேயே உச்சநீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் வரையறுத்திருந்தும் இது நிகழ்ந்தது. 2022 மே 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப்பிரிவைச் செயலிழக்கச் செய்து வைத்தது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமே மாற்றப்பட்டது. ‘இராஜத்துரோகம்’ என்ற பெயர் மறைந்து, நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைக்கும் ஊறு செய்வதைக் குறிக்கும் 152-ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெற்றது. பெயர் மாறியதோடு பழைய இயல்பும் மாறிற்றா என்பதை இனிவரும் வழக்குகளே காட்டும்.

வினாவும் விடையும்

இரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. 1908-இல் சிதம்பரனார் கேட்டது உரிமையை. சந்தை குடையைக் கொடுத்தது. மன்றம் தண்டனைக் குறைப்பைக் கொடுத்தது. 2011-இல் கரையோர மக்கள் தங்கள் அச்சத்தைச் சொன்னார்கள். விளம்பரம் நம்பிக்கையைப் பரிமாறியது. வல்லுநர் எண்களைக் கொடுத்தனர். அரசு வளர்ச்சி நிதியைக் கொடுத்தது. மன்றம் நெறிமுறைகளைக் கொடுத்தது. இவற்றுள் பயனற்றது என்று எதையும் நான் தள்ளமாட்டேன். அந்த 15 நெறிமுறைகள் மேல்முறையீடு இல்லாமல் வந்திரா. உலையால் வேலை பெற்ற குடும்பங்களும், ஒளி பெற்ற ஊர்களும் உண்டு. ஆனால் கேட்கப்பட்ட வினாவுக்கு நேரான விடை எந்த வாயிலிலிருந்தும் வரவில்லை. ஒவ்வொரு வாயிலும் தன்னிடம் இருந்ததை எடுத்துத் தந்தது.

வேண்டுகோளுக்கு விளம்பரத்தை விடையாகத் தருவது கேட்டவரை வாடிக்கையாளராக்கும். வேண்டுகோளுக்குக் குற்றவழக்கை விடையாகத் தருவது கேட்டவரைக் குற்றவாளியாக்கும். மக்களின் வேண்டுகோளுக்குரிய நேரான விடை, எதிரே அமர்ந்து அவர் மொழியில், அவர் கேட்டதற்கே பேசுவதுதான். நெல்லைச் சீமை இருமுறையும் இழந்தது அதையே.

கவிஞர் பெருமக்களே, இச்செய்தி நமக்கும் உரியது. நம் வட்டத்தில் அணுமின் நிலையத்தில் பணிபுரிபவரும் இருக்கிறார். இடிந்தகரைப் பந்தலில் அமர்ந்திருந்தவரும் இருக்கிறார். பத்தாண்டுகளாக ஒரே பாயில் அமர்ந்து ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டு வருகிறோம். நம் கவிதைகள் சில நேரங்களில் தீர்ப்பு எழுதுகின்றன. சில நேரங்களில், நாம் அறியாமலே, விளம்பரமாகிவிடுகின்றன. கைதட்டலுக்காக எழுதும் வரிக்கும் இலவசக் குடைக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

சிதம்பரனார் தம் வரலாற்றைச் செய்யுளாகவே எழுதிவைத்தார் என்பது கவிஞர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது. கப்பல் போயிற்று, வழக்கு முடிந்தது, மேடையும் அவரை மறந்தது. அதன் பின்னும் அவரிடம் ஒரு வாயில் எஞ்சியிருந்தது. அகவலில் அவர் வைத்த முறையீட்டிற்கு நீதிபதி இல்லை, எதிர்வாதி இல்லை, விலையும் இல்லை. படிப்பவர் நின்று கேட்டால் போதும். 1936 நவம்பர் 18-ஆம் நாள் அவர் தூத்துக்குடியில் மறைந்தார். அந்த முறையீடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. நம் ஊரின் முறையீட்டையும் அத்தகைய சொல்லில், இரு தரப்பாரும் கேட்கத்தக்க சொல்லில், எழுதிவைப்பது இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணியாக அமையட்டும்.